மனையின் மணம்

(பௌர்ணமி உபோசத நாளில் ஆனேக்கல்லில் நிகழ்த்திய தன்ம உரை)



திரிசரணமும் சீலமும் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது போலத் தோன்றும். வீட்டில் வீசும் மணமே அப்பொருள். ‘பிறப்பையும் பிணியையும் சாக்காட்டையும் எண்ண வேண்டிய நன்னாளில் ஊதுவத்தியைப் பற்றியா பேச வந்தீர்?’ என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். துக்கத்தின் வேர் பெரிய இடங்களில் மட்டும் ஓடுவதன்று; கண்ணின் கடையிலும் நாவின் நுனியிலும் மூக்கின் துளையிலும் அஃது ஓடுகின்றது. ஆதலின், பொருள் சிறிதென்று தள்ளாமல் சற்றே செவி சாய்க்க வேண்டுகின்றோம்.

சென்ற திங்கள் இவ்வூரில் ஒரு புதுமனை புகுவிழாவிற்கு யாம் அழைக்கப்பட்டோம். பெயரும் தெருவும் வேண்டா. ‘சொல்லுங்கள் ஐயா, பிறர்க்கும் பயன்படட்டும்’ என்று அவ்வில்லத்தார் இசைந்த பின்னரே இதனை இங்கு உரைக்கின்றோம். தகரக் கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளை அவ்வீட்டின் தலைவன். கல்வி கற்றான், பொம்மசந்திரத்துத் தொழிற்பேட்டையில் நல்லதோர் உத்தியோகத்தில் அமர்ந்தான், கடன் பெற்று இரண்டு அறை கொண்ட மெத்தை வீடு எழுப்பினான். கூடத்துச் சுவரில் பகவானுடைய திருவுருவும் பாபாசாகேப் அம்பேத்கருடைய படமும் விளங்கின. நம்மவர் பிள்ளை இவ்வாறு தலைநிமிர்ந்து நிற்பதைக் காண எவருக்குத்தான் உள்ளம் குளிராது?

உள்ளே அடி வைத்ததும் ஒரு மணம் எம்மை எதிர்கொண்டது. அது மல்லிகையும் அன்று, சாம்பிராணியும் அன்று. கூடத்து மேசையின்மீது ஒரு கண்ணாடிக் குப்பி. அதனுள் வாசனை எண்ணெய். எண்ணெயில் ஏழெட்டு மெல்லிய குச்சிகள். குச்சிகள் எண்ணெயை உறிஞ்சி அறையெங்கும் மணத்தைப் பரப்பும். டிஃப்யூசர் என்று அங்காடியில் விற்கின்றனர். ஜப்பானிய மலைக்காட்டில் மழை பெய்து ஓய்ந்தபின் எழும் மணம் என்று அதன்மேல் எழுதியிருந்தது.

“கண்ணை மூடிக்கொண்டால் கியோட்டோ நகரத்துக் காட்டில் நிற்பது போல இருக்கும், ஐயா” என்றான் அப்பிள்ளை.

“நல்லது, தம்பி. அம்மா எங்கே?” என்றோம்.

அவன் விடை கூறவில்லை. யாமே பின்கட்டிற்குச் சென்றோம். அங்கே ஒரு சாக்கும் ஒரு பலகையும் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பக்கத்தில், புதுப்புடைவை உடுத்து, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவ்வம்மையார் அமர்ந்திருந்தார்.

“என் கையெல்லாம் கரி, ஐயா. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தம்பியின் ஆபீசுக்காரர்கள் வருகிறார்கள். இந்தச் சாக்கு நாற்றம் கூடத்துக்கு வரக்கூடாது என்று சொன்னான். பிள்ளை சொல்வதும் நியாயந்தானே?” என்றார்.

உபாசகர்களே! அச்சாக்கில் இருந்தது யாது? ஊதுவத்திக்குரிய கரித்தூளும் ஜிகட்டுமே. பெங்களூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஏழைப் பெண்டிர் பல தலைமுறையாகத் தம் இல்லங்களில் இருந்தே ஊதுவத்தி உருட்டி வந்தனர் என்பது நீங்கள் அறியாததன்று. கரித்தூளும் மரத்தூளும் ஒருவகை மரப்பட்டையின் பசைத்தூளாகிய ஜிகட்டும் நீர் விட்டுப் பிசையப்படும். அந்த மாவைப் பலகையில் இட்டு, மூங்கிற்குச்சியின்மீது உள்ளங்கையால் உருட்டுவர். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது பெரும்பகுதி வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மூங்கிற்குச்சியும் உருட்டிய பத்தியுமே வியட்நாமிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்து குவிந்தமையால், 2019 ஆம் ஆண்டில் இந்திய அரசு ஊதுவத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. மறு ஆண்டில் மூங்கிற்குச்சிக்குத் தீர்வையை உயர்த்தியது. இத்தனை மாறுதலுக்கும் இடையே அவ்வம்மையார் முப்பது ஆண்டு உருட்டினார். அந்தக் கூலியே அப்பிள்ளையின் பள்ளிக் கட்டணமாயிற்று, புத்தகமாயிற்று, இன்று அந்த வீட்டின் அடிக்கல்லும் ஆயிற்று.

அவர் மேலும் ஒரு சொல் சொன்னார். அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. “முப்பது வருஷம் உருட்டினேன், ஐயா. ஒரு நாளும் மணக்கிற பத்தியை நான் உருட்டியதில்லை” என்றார்.

இதன் பொருளை உணர்ந்தீர்களா? வீட்டில் உருட்டுவது மணமற்ற கரும்பத்தி. அதனைக் கட்டுக்கட்டாகத் தரகர் கொண்டு செல்வார். வேறோர் இடத்தில் அது வாசனைக் கரைசலில் தோய்க்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, வண்ணப் பெட்டியில் அடைக்கப்பட்டு, சந்தனம் என்றும் மல்லிகை என்றும் தாழம்பூ என்றும் பெயர் பெறும். உருட்டிய கைக்குக் கரி. வாங்கிய வீட்டிற்கு மணம்! ஊருக்கெல்லாம் மணம் செய்தவர் தம் மகன் வீட்டில், மணத்தின் பொருட்டுப் பின்கட்டில் அமர்ந்தார்.

அப்பிள்ளையை யாம் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதி எமக்கில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. ‘நாற்றம்’ என்று அவ்வம்மையார் சொன்னாரே, அச்சொல்லைச் சற்று ஆராய்வோம். பழந்தமிழில் நாற்றம் என்பது மணம் என்னும் பொருளையே தந்தது. பூவின் மணமும் நாற்றமே. சந்தனத்தின் மணமும் நாற்றமே. ஐம்புலன்களை எண்ணிய சான்றோர், மூக்கின் புலனை நாற்றம் என்றே எண்ணினர். இன்றோ அச்சொல்லை ஒருவரிடம் சொன்னால் அவர் முகம் சுளிப்பார். சொல் மாறவில்லை, அதனை வழங்கியோர் அதனைக் கீழே தள்ளினர். சொல்லுக்கு நேர்ந்ததே மக்களுக்கும் நேர்ந்தது. இந்நாட்டில் ஒரு காலத்துத் தன்மம் தழுவி வாழ்ந்தோரே பின்னர்த் தாழ்த்தப்பட்டனர் என்பதன்றோ பண்டிதர் அயோத்திதாசர் தம் வாழ்நாளெல்லாம் எழுதிக் காட்டிய கருத்து? 1898 ஆம் ஆண்டில் அவர் கொழும்பு சென்று சரணம் ஏற்று மீண்டதும், 1956 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் இலட்சக்கணக்கானோருடன் தன்மம் ஏற்றதும், இழந்த பெயரை மீட்ட செயல்களாம்.

தீண்டாமை, கண்ணால் மட்டும் நடத்தப்பட்ட கொடுமையன்று. மூக்காலும் நடத்தப்பட்டது. பிறர் கழிவை அகற்றுமாறு ஒருவனைப் பணித்தனர். அகற்றிய பின் ‘நீ நாறுகின்றாய்’ என்றனர். தோலைப் பதப்படுத்தச் செய்து, அத்தோலில் தைத்த செருப்பை அணிந்துகொண்டு, பதப்படுத்தியவனைக் கண்டு மூக்கைப் பொத்தினர். இது பிறர் நமக்குச் செய்த கேடு. ஆயின், நம் மூக்கையே கடன் வாங்கி நம் தாயாரை நாமே முகம் சுளித்து நோக்குவோமாயின், அக்கேட்டை எவர்மேல் ஏற்றுவது? சமயம் மாறினோம், பெயர் மாறினோம், வீடு மாறினோம். மூக்கு மாறிற்றா? இதுவே இன்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

இனி, பகவான் மணத்தைப் பற்றி அருளியது யாது என்று காண்போம்.

ஒருநாள் ஆனந்தர் பகவானை அணுகி ஓர் ஐயம் வினவினார். வேரின் மணம், வைரத்தின் மணம், மலரின் மணம் ஆகிய மூன்றும் காற்றடிக்கும் திசையிலேயே செல்கின்றன, எதிர்த்துச் செல்வதில்லை. காற்றோடும் செல்லக்கூடிய, காற்றை எதிர்த்தும் செல்லக்கூடிய மணம் ஒன்று உண்டோ என்பது அவ்வையம். உண்டு என்றார் பகவான். மும்மணியைச் சரணடைந்து, ஐந்து சீலங்களையும் காத்து, உலோபம் நீங்கிய உள்ளத்தோடு ஈகை புரிந்து இல்லறம் நடத்தும் ஆணோ பெண்ணோ எவராயினும், அவருடைய நற்பெயரே எத்திசையும் செல்லும் மணமாகும் என்று விளக்கினார்.

இங்கு ஒன்றை உற்று நோக்குங்கள். பகவான் துறவியை மட்டும் சுட்டவில்லை. ஊரில் வீடு கட்டி வாழும் ஆணையும் பெண்ணையும் சுட்டினார். எந்தக் குலம் என்று வினவவில்லை. எத்தொழில் என்று வினவவில்லை. கை கறுப்பா வெளுப்பா என்றும் வினவவில்லை.

பகவானே மணத்தை வெறுத்தவர் அல்லர். சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் அவர் தங்கிய அறைக்குக் கந்தகுடி என்று பெயர். கந்தம் மணம், குடி சிறுமனை. அன்பர் கொணர்ந்த மலர்களால் அது மணந்தது. அந்தப் பெயரைத் தாங்கியே அநகாரிக தர்மபாலர் சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரையை எழுப்பினார். அது 1931 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் பகவானது வரலாற்றைத் தீட்டியவர் கோசெட்சு நோசு என்னும் ஜப்பானிய ஓவியர். 1932 முதல் 1936 வரை அப்பணியில் அவர் ஈடுபட்டார். மணமனை என்று பெயர் பெற்ற இந்திய விகாரைக்கு ஜப்பானியர் ஒருவர் வண்ணம் தந்தார். ஆதலின், ஜப்பான் நமக்கு அயல்நாடன்று, தன்மத்தால் உறவுநாடு. அவ்விளைஞன் குப்பியில் வாங்கிய ஜப்பானை விட்டு, மெய்யான ஜப்பானியர் மணத்தை எவ்வாறு போற்றினர் என்பதைக் காண்போம்.

595 ஆம் ஆண்டில் அவாஜி என்னும் தீவின் கரையில் ஒரு மரக்கட்டை ஒதுங்கியதாக அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் கூறுகின்றது. தீவினர் அதனை விறகென்று அடுப்பில் இட்டனர். புகை நெடுந்தொலைவு மணந்தது. வியந்து அதனை அரசவைக்கு அனுப்பினர். அஃது அகிற்கட்டை. 752 ஆம் ஆண்டில் நாரா நகரத்துப் பெரும் புத்த வடிவத்திற்குக் கண் திறக்கும் சடங்கை நிகழ்த்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. தன்மத்தோடு தூபமும் அந்நாட்டு வாழ்வில் வேரூன்றியது. பின்னர், பதினைந்தாம் நூற்றாண்டளவில் அகிலின் மணத்தை நுகர்வதையே ஒரு நெறியாக வகுத்தனர். அதனைக் கோதோ என்பர், மணநெறி என்று பொருள். சாம்பலுள் கங்கைப் புதைத்து, மேலே மெல்லிய அபிரகத் தகடு வைத்து, அதன்மேல் அகிலின் சிறு துணுக்கை இடுவர். புகை எழாது, மணம் மட்டும் எழும். அமர்ந்திருப்போர் கிண்ணத்தை ஒருவர் பின் ஒருவராக ஏந்துவர்.

அங்கே அவர்கள் மணத்தை முகர்வதாகச் சொல்வதில்லை. மணத்தைக் ‘கேட்பதாக’ச் சொல்வர். இச்சொல்லின் அழகை எண்ணிப் பாருங்கள்! முகர்தல் எனின் நாம் அதனைப் பற்றி இழுக்கின்றோம். கேட்டல் எனின் அது வரும்வரை அமைதியாக இருக்கின்றோம். ஐந்து மணங்களில் எது எதனோடு ஒத்தது என்று கேட்டறியும் ஆட்டம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. அதில் 52 விதமான விடைகள் அமையும். அவற்றிற்கு முராசாகி ஷிகிபு என்னும் பெண்மணி எழுதிய கெஞ்சி கதையின் இயல்களைப் பெயராக இட்டனர். அகிலின் வகைகளுக்கோ நாடுகளின் பெயர்களை இட்டனர். சுமோத்தரா என்பது சுமத்ரா. மனபான் என்பது நம் மலபார் என்பாரும் உளர். அந்நாட்டு ஊதுவத்தித் தொழிலோர் உயர்வாக மதிக்கும் சந்தனமோ நம் மைசூர்ச் சீமையினது. ஜப்பானிய மணம் என்று நாம் வாங்கும் குப்பி நம் காட்டையே நமக்கு விற்கும் காலமும் உண்டு!

மற்றுமொரு செய்தி. 2001 ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் மக்கள் காக்க வேண்டிய மணம் கமழும் இடங்கள் என்று நூறு இடங்களைத் தெரிந்தெடுத்தது. காடுகளும் பூந்தோட்டங்களும் மட்டுமே அவற்றுள் இருந்தன என்று எண்ணாதீர்கள். தோக்கியோவில் பழைய புத்தகம் விற்கும் கண்டா வீதியின் தாள்மணம் இருந்தது. ஒசாக்கா நகரத்து ஹோசென்ஜி விகாரையின் ஊதுவத்தி மணம் இருந்தது. அந்நகரத்துத் சுருஹாஷி இரயில் நிலையத்தைச் சூழ்ந்த அங்காடியின் மணமும் இருந்தது. சுருஹாஷி என்பது யாது? ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில் பிழைப்புக்காக வந்து குடியேறிய கொரியர் வாழும் பகுதி. நெருப்பில் வாட்டும் இறைச்சியும் பூண்டும் மிளகாயும் மணக்கும் இடம். அம்மக்கள் நெடுங்காலம் இழித்துரைக்கப்பட்டவர். அவர்தம் உணவின் மணமும் அவர்களோடு சேர்த்து இழிக்கப்பட்டது. அந்த மணமே, காக்கத் தக்க மணம் என்று அரசின் ஏட்டில் ஏறியது. இழிவு முற்றும் நீங்கிற்று என்று யாம் சொல்லவில்லை. எனினும், நாற்றம் என்று தள்ளிய ஒன்றை மணம் என்று ஏற்க மனிதரால் இயலும் என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்வாறு இடமும் மணமும் பிரியாமல் நிற்பது ஏன்? நினைவே காரணம். மணத்திற்குத் தமிழில் வழங்கும் மற்றொரு சொல் வாசனை. முன்பு செய்ததும் நுகர்ந்ததும் உள்ளத்தில் விட்டுச் சென்ற தடத்திற்கும் வாசனை என்றே பெயர். பூவை நீக்கிய பின்னும் துணியில் நிற்பது வாசனை. செயல் முடிந்த பின்னும் சித்தத்தில் நிற்பதும் வாசனை. இக்காலத்து விஞ்ஞானிகள் கூறுவதும் இதற்கு அணித்தாக உள்ளது. கண்ணும் காதும் தரும் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள ஓர் அஞ்சல் நிலையத்தைக் கடந்தே மேற்செல்கின்றன. மூக்கு தரும் செய்தியோ அந்நிலையத்தில் காத்திராமல், உணர்ச்சியும் நினைவும் உறையும் பகுதிகளை நேரே எட்டுகின்றது. மூக்கு மணத்தை அறியும் முறையை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் என்னும் இருவர் 2004 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

நம் மணிமேகலைக் காப்பியத்திலும் இதற்கோர் இடம் உண்டு. மலர் தொடுத்துக்கொண்டிருந்த மணிமேகலை, தந்தை கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டாள். கண்ணீர் மாலைமேல் வீழ்ந்தது. கண்ணீர் பட்ட மாலை வழிபாட்டிற்கு ஆகாது என்று மாதவி புதுமலர் கொய்துவர அனுப்பினாள். மலர்வனம் சென்ற மணிமேகலை அங்கிருந்தே அறவாழ்வின் வழியில் அடி வைத்தாள். மாலை கெட்டது, வழி பிறந்தது. துக்கத்தை மறைத்து வேறு மணத்தால் மூடியிருந்தால் மணிமேகலை மலர்வனம் சென்றிருப்பாளோ?

அப்பிள்ளையைக் கடியும் தகுதி எமக்கில்லை என்றோம். அதற்குரிய காரணத்தை இப்போது கூறிவிடுகின்றோம். எம் தந்தையாரும் ஆலைத் தொழிலாளி. யாமும் பின்னர் ஆலைத் தொழிலாளியே. பஞ்சுத் தூசியும் இயந்திர எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு வாடை அவர் சட்டையை விட்டு நீங்காது. யாம் சிறுவராய்ப் பள்ளியில் படித்தபோது, இரவு வேலை முடித்து, வீட்டுக்கும் செல்லாமல், எமக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுக்கப் பள்ளி வாயிலுக்கு வந்தார். உடன் படிப்போர் சிரிப்பரென்று அஞ்சிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் விலகி நடந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பின்னர் அவர் பள்ளி வாயிலுக்கு வரவே இல்லை. எம் கையிலேயே அந்த எண்ணெய் ஏறிய பிறகே அவர் அன்று என்ன உணர்ந்திருப்பார் என்பது விளங்கிற்று. விளங்கியபோது அவர் இல்லை. இன்றும் எங்கேனும் இயந்திர எண்ணெயின் வாடை வீசினால், எம் தந்தையார் பொட்டலத்தோடு வாயிலில் நிற்பதைக் காண்கின்றோம். எந்தக் குப்பியின் எந்த மணமும் அவரை எம் முன் அவ்வாறு நிறுத்தியதில்லை.

இஃது எம்மைப் பற்றிய கதையாகாமல் உங்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே கூறினோம். தாய் தந்தையர் உயிரோடிருக்கும் இளைஞர் இங்குப் பலர் உள்ளீர்கள். உங்களுக்குக் காலம் இருக்கின்றது.

இனி மற்றொரு புறத்தையும் நோக்குவோம். ‘அப்படியானால் மணமே கூடாதோ? அல்லது பழைய மணமெல்லாம் நல்லதோ?’ என்று கேட்பீர்கள். இரண்டும் அன்று. ஒரு துறவி குளத்தில் இறங்கித் தாமரையின் மணத்தை நுகர்ந்துகொண்டிருந்தார். அவ்வனத்துத் தேவதை தோன்றி, ‘கொடுக்கப்படாத மணத்தை எடுக்கின்ற நீர் மணத்திருடர்’ என்று உணர்த்திற்று. ‘கிழங்கோடு தோண்டிச் செல்வாரை விட்டு, தொலைவில் நின்று நுகர்ந்த என்னையா பழிப்பது?’ என்றார் துறவி. அழுக்கில் தோய்ந்தவனிடம் தாம் பேசுவதற்கு ஏதுமில்லை என்றும், தூய்மையை நாடுபவர்க்கே மயிர்நுனி அளவான குற்றமும் மேகம்போலப் பெரிதாய்த் தோன்றும் என்றும் தேவதை விளக்கிற்று. துறவி நன்றி கூறினார். தாமரையில் குற்றமில்லை, மணத்தில் குற்றமில்லை, பற்றி இழுக்கும் உள்ளத்திலேயே குற்றம்.

எனவேதான் உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்போர் மாலையும் சந்தனமும் வாசனைப் பூச்சும் தவிர்க்கின்றனர். அதே நாளில் பகவான் முன் மலரும் தூபமும் வைக்கின்றோம். இது முரணன்று. நம் உடலுக்குப் பூசினால் ‘நான் மணக்கின்றேன்’ என்ற எண்ணம் வளரும். பகவான் முன் வைத்தால், எரிந்து குறையும் பத்தியைக் கண்டு ‘நானும் இவ்வாறே குறைகின்றேன்’ என்ற எண்ணம் வளரும். ஜப்பானிய ஸென் விகாரைகளில் ஒரு பத்தி எரிந்து முடியும் காலமே ஒரு முறை தியானத்தில் அமரும் கால அளவாயிற்று. அங்கே பத்தி மணம் தரும் பொருள் மட்டுமன்று. அநித்தியத்தை அளக்கும் கோலும் ஆகும்.

ஆதலின், இல்லறத்தார் கைக்கொள்ளத் தக்க சில முறைகளைக் கூறுகின்றோம்.

முதலாவது: மணத்தால் எதனையும் மூடாதீர்கள். குப்பை இருந்தால் அகற்றுங்கள், ஈரம் இருந்தால் உலர்த்துங்கள், சன்னலைத் திறவுங்கள். தூய காற்றே மனையின் முதல் மணம். பத்தியின் புகையில் நுண்தூசி உண்டு; மூடிய அறையில் குழந்தைகளுக்கும் இழுப்பு நோயினர்க்கும் அது தீங்கு. ஒரு பத்தி போதும். அதுவும் சன்னல் திறந்தபின்.

இரண்டாவது: மணத்தைக் கேட்கப் பழகுங்கள். திங்களுக்கு ஒருநாள் இல்லத்தார் அனைவரும் அமைதியாக அமருங்கள். அகில் வேண்டுவதில்லை, சந்தனத் துணுக்கும் வேண்டுவதில்லை. முதல் மழை நனைத்த மண் ஒரு பிடி போதும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்கும் பொருளும் தாவர எண்ணெயும் மழையில் எழுவதே அம்மணம் என்பர். அதற்கு 1964 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ஒரு பெயரும் இட்டனர். அதற்கு முன்னரே, ஹர்ஷ மன்னர் பௌத்தப் பேரவை கூட்டிய அதே கன்னோசி நகரத்தில், சுட்ட மண்ணை வடித்து அம்மணத்தைச் சந்தன எண்ணெயில் ஏற்றும் கைத்தொழில் வளர்ந்திருந்தது. உங்கள் மண் இங்கேயே இருக்கின்றது. முத்தியால மடுவின் சாரலும் பன்னேர்கட்டாவின் காடும் இவ்வூர்க்கு அண்மையிலேயே உள்ளன. பட்டுத்தறி நெய்த தெருக்களும் உள்ளன. கேழ்வரகுக் களி கிளறும் மணம் உங்கள் அடுப்பிலேயே உள்ளது. ஒவ்வொருவரும் அம்மணம் தமக்கு எந்த இடத்தை, எவரை நினைவூட்டுகின்றது என்று ஒரு சொல் கூறட்டும். முதியோர் முதலில் கூறட்டும். பின்னர், அந்நினைவு எழுந்தது போலவே மறைவதையும் கண்டிருங்கள். அதுவே உங்கள் இல்லத்தில் தியானத்தின் தொடக்கம்.

மூன்றாவது: மணப்பொருளை வாங்குங்கால் அதனைச் செய்த கையை எண்ணுங்கள். ஒரு குப்பியின் விலை ஆயிரம் பத்தி உருட்டும் கூலியினும் பன்மடங்கு. செய்தவர்க்கு உரிய கூலி சேராத மணம், தேவதை சொன்ன கணக்கில் கொடுக்கப்படாத மணமே.

நான்காவது: பூசையில் முதல் பத்தியை ஏற்றும் உரிமையை, எந்தக் கை உழைத்து அவ்வீட்டை நிறுத்தியதோ அந்தக் கைக்கே கொடுங்கள்.

அன்று பின்கட்டில் நடந்ததை முடித்துவிடுவோம். யாம் அவ்வம்மையாரோடு தரையில் அமர்ந்துவிட்டோம். நேரம் கடந்தது. மகன் தேடி வந்தான், வாயிற்படியில் நின்றான். “ஐயா, எல்லாரும் வந்துவிட்டார்கள். பஞ்சசீலம் சொல்ல வேண்டும்” என்றான். “அம்மா இல்லாத இடத்தில் எம்மால் சீலம் சொல்ல இயலாது, தம்பி. இங்கேயே சொல்லட்டுமா?” என்றோம். அவன் நெடுநேரம் அச்சாக்கையே நோக்கினான். பின்பு குனிந்து, சாக்கிலிருந்து வாசனை ஏறாத கரும்பத்தி ஒன்றை எடுத்தான். மற்றொரு கையால் அம்மையாரின் கையைப் பற்றினான். “வா அம்மா” என்றான். முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வந்தது.

ஆபீசுக்காரர்கள் நடுவே அக்கையே பத்தியை ஏற்றிற்று. சந்தனமும் மணக்கவில்லை, மல்லிகையும் மணக்கவில்லை. கரியும் மரப்பட்டையும் எரியும் மணமே எழுந்தது. ‘இஃது என்ன மணம்?’ என்று ஒருவர் வினவினார். “இது எங்கள் அம்மா உருட்டியது” என்றான் அவன். மேசைமீது குப்பியும் இருந்தது, அதனை எறியுமாறு யாம் கூறவில்லை, அவனும் எறியவில்லை. அன்று முதல் அவ்வில்லத்துப் பூசையில் அந்தக் கரும்பத்தியே எரிகின்றது என்று அறிந்தோம்.

உபாசகர்களே! உபாசிகைகளே! காற்று ஒரு திசையில் நெடுங்காலம் வீசிற்று. அது நம்மைத் தாழ்ந்தோர் என்றும் நாறுவோர் என்றும் சொல்லிக்கொண்டே வீசிற்று. அக்காற்றை எதிர்த்துச் செல்ல வல்லது கடையில் விற்கும் மணமன்று. சீலத்தின் மணம் ஒன்றே. பெற்றோரைப் போற்றுதல் அம்மணம். உழைத்த கையை மறைக்காமை அம்மணம். உள்ளதை உள்ளவாறு நோக்குதல் அம்மணம். இன்று இரவு நீங்கள் இல்லம் திரும்பிக் கதவைத் திறக்கும்போது, உங்கள் வீட்டின் மணத்தை ஒருமுறை நின்று கேளுங்கள்.

நமோ புத்தாய!

சாது! சாது! சாது!